எல்லாருக்கும் ஒரு ரவுண்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனிட் த்வெயிட் செய்கிற முதல் வேலை, ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கிக் கிடந்த பியரை இழுத்துக் கொட்டுவது. கவுன்ட்டர் மேல் நிற்கும் பம்பின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி இழுப்பாள். நிலவறையில் படுத்திருக்கும் பீப்பாயிலிருந்து பியர் பொருமிக்கொண்டு ஏறி வரும். முதலில் வருவது வாளிக்கு. பள்ளத்தாக்கின் கீழ்முனையில் இருக்கும் பப்பில் அதைத்தான் முதலில் வருகிறவன் தலையில் கட்டுவார்கள். எனிட்டுக்கு அது ஆகாது. அடுத்து வருவதை ஒரு கிளாஸில் பிடித்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். எதிரே இருக்கும் தேவாலயக் கோபுரம் அதன் வழியே மங்காமல் தெரிந்தால் பியர் சரி.

அன்று கோபுரம் நன்றாகவே தெரிந்தது. 

பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்தால் டெரிக் வருவான். அவள் கணவன் ரெஜ்ஜின் தம்பி. ரெஜ் போய் நான்கு வருஷமாகிறது. எனிட் நடத்தும் 'மூன்று கடாக்கள்' பப்பில் பலகையில் அம்பு எறிந்து ஆடும் டார்ட்ஸ் குழுவுக்கு டெரிக்தான் தலைவன். இனி உள்ளே வராதே என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலிலேயே நிறுத்தி அவனிடம் சொல்லியிருந்தாள். அவன் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனான்.

விஷயம் வியாழக்கிழமை மத்தியானம் நடந்தது. ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ் ஜானிஸ், வீடு வீடாகப் போய்க் கட்டுப் போட்டு முடித்ததும் வியாழக்கிழமைகளில் இங்கே வருவாள். கணப்புக்குப் பக்கத்து மூலை மேசை, அரை பைண்ட், ஒரு புத்தகம். அவ்வளவுதான். அன்று எனிட் பீப்பாய் மாற்ற நிலவறைக்கு இறங்கியிருந்த நேரத்தில், டெரிக் ஜானிஸின் கார் சாவியை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான். என்னோடு உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடித்தால் தருகிறேன் என்றான். அவள் கேட்டாள், மறுபடி கேட்டாள். சாவியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். பப்பே சிரித்தது. அவள் மழையில் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் அந்தச் சாவி டார்ட்ஸ் பலகையின் ஆணியில் தொங்கியது. எனிட் அதை எடுத்துக்கொண்டு ஜானிஸ் வீட்டுக்குப் போனாள். "பெரிசு பண்ணாதீங்க. நான் இனிமே அங்க வரல, அவ்வளவுதான்" என்றாள் ஜானிஸ், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு. அந்தப் பாதிக் கதவு எனிட்டின் மனசை விட்டுப் போகவில்லை.

எனிட்டும் இந்தப் பப்புக்குள் முதலில் தனியாகத்தான் வந்தாள். பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலை கேட்டு வந்த இடத்தில் பஸ் பழுதாகி நின்றது; கொட்டுகிற மழை. உள்ளே நுழைந்ததும் எல்லாத் தலையும் திரும்பின. அந்தக் காலத்தில் தனியாகப் பப்புக்குள் வருகிற பெண்ணை என்னவென்று நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கவுன்ட்டரில் நின்ற ரெஜ் அரை பைண்ட் ஊற்றிக் கணப்போரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான். ரெஜ்ஜே பேசாததால் மற்றவர்களும் பேசவில்லை. பஸ் கிளம்பும் வரை அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவே இந்த ஊரில் தங்கினேன் என்று பின்னால் சொன்னால், "நான் ஒண்ணுமே பண்ணலையே" என்பான் ரெஜ்.

பன்னிரண்டு அடித்ததும் முதல் ஆளாக வில்ஃப் கிழவர் வந்தார். ஒரு காலில் முழங்கால் வரை கட்டு. ஜானிஸ் போட்ட கட்டு.

"ஏம்மா எனிட், தெளிஞ்சிருக்கா?"

"எது, பியரா, ஊரா?"

"ரெண்டும்தான்."

"பியர் தெளிஞ்சிருக்கு அண்ணே."

வில்ஃப் ஒரு வாய் குடித்து, மீசையில் ஒட்டிய நுரையைத் துடைத்தார். "அவன் வருவான். நேத்து கறிக்கடையில சொல்லிட்டிருந்தான், ஒரு ரவுண்டு வாங்கிக் குடுத்தா அண்ணி கோவம் ஆறிடும்னு."

"மன்னிப்பு கேப்பானாமா?"

"டெரிக்கா? அவனைப் பெத்தவ கேட்டாலே வராது. ரவுண்டுதாம்மா மன்னிப்பு. இந்த ஊர்ல வேற எப்படிக் கேக்கறாங்க?"

அது அவளுக்குத் தெரியாததா. வேலிச்சுவர் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காத இரண்டு ஆட்டுப்பண்ணைக்காரர்கள், இதே கவுன்ட்டரில் ஒருவன் தன் காசில் எல்லாருக்கும் ஒரு கிளாஸ் என்று ரவுண்டு வாங்க மற்றவன் கிளாஸை எடுத்ததோடு சமாதானமானார்கள். யாரும் எதையும் விளக்கவில்லை. வாங்குகிறவன் கடைசியில் பப்புக்காரிக்கும் ஒன்று சொல்வான். அவள் அதை ஏற்றுக்கொண்டால் கணக்குத் தீர்ந்தது. ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் பார்த்ததில்லை.

அவளுக்கு மட்டும் தெரியும். டெரிக்கும் அவன் ஆட்களும் வராவிட்டால் குளிர்காலம் முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். விற்பனை படுத்தால், கட்டடத்துக்குச் சொந்தக்காரனான பியர் கம்பெனி குத்தகையை நீட்டிக்காது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் போன வருஷம் இரண்டு பப்புகளை மூடி ஜன்னலில் பலகை அடித்தாயிற்று.

கதவு திறந்தது. டெரிக் முன்னால், டார்ட்ஸ் ஆட்கள் பின்னால். யாரும் உட்காரவில்லை. டெரிக் கவுன்ட்டரில் ஒரு நோட்டை வைத்தான்.

"எல்லாருக்கும் ஒரு ரவுண்டு அண்ணி. உங்களுக்கும் ஒண்ணு சேத்துக்கோங்க."

எனிட்டின் கை தானாகவே கிளாஸை எடுத்தது. பழகின கை. பம்பை இழுத்தது. கிளாஸ் பாதி நிறைந்தபோது நிறுத்தினாள்.

"எல்லாருக்கும்னா யார் யாருக்கு?"

"எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான். வில்ஃப் பெருசுக்கும் சேத்துத்தான். அவர் நாய்க்கு வேணும்னாலும் ஒரு தட்டுல ஊத்துங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஜானிஸுக்கு?"

சிரிப்பு நின்றது. "அவதான் இங்க இல்லையே" என்றான் டெரிக்.

"ஏன் இல்ல?"

"அட, விளையாட்டு அண்ணி. ஒரு சாவி. திருடிட்டா போனேன்? பொம்பளை தனியா வந்து உக்காந்திருக்கா, ஒரு பேச்சுத்துணை குடுத்தது குத்தமா?"

"துணை வேணும்னு அவ கேட்டாளா?"

"அண்ணன் இருந்திருந்தா சிரிச்சிருப்பான்."

அது தைத்தது. ரெஜ் சிரித்திருக்க மாட்டான். ஆனால் தம்பியைப் பார்த்து வெளியே போ என்றும் சொல்லியிருக்க மாட்டான். பீப்பாயைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நிலவறைக்கு இறங்கியிருப்பான். ரெஜ்ஜைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணு பண்ணு டெரிக். அவ வீட்டுக்குப் போய்ச் சொல்லு. அவ திரும்பி வந்து அந்த மேசையில உக்காரட்டும். அன்னிக்கு ஊத்தறேன். நானும் குடிக்கறேன்."

"நேத்து வந்தவ கால்ல போய் விழணுமா?"

"கதவைத் தட்டினாப் போதும்."

டெரிக்கின் கழுத்து சிவந்தது. பின்னால் நின்றவர்களை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டான்.

"நான் இந்த வீட்டு மாடியில பொறந்தவன். நீங்க பஸ்ஸு நின்னுபோய் உள்ள வந்தவங்க."

"ஆமா. அன்னிக்கு யாரும் என்னைத் தொந்தரவு பண்ணல."

பாதிக் கிளாஸை வாளியில் கவிழ்த்தாள். கவுன்ட்டர் துணியால் நோட்டை அவன் பக்கம் தள்ளினாள்.  

"உனக்கு இங்க ஊத்தறதில்ல."

 டெரிக் டார்ட்ஸ் பலகைக்குப் போய், கீழே இருந்த அலமாரியைத் திறந்து, குழுவின் அம்புப் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். போகலாம் என்று யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியும் இருக்கவில்லை. ஒவ்வொருவராகத் தொப்பியை எடுத்தார்கள். கடைசியாகப் போன இளைஞன், "வரேங்க எனிட்" என்றான். சொன்ன பிறகுதான் அது சரியில்லை என்று பட்டது போல வாயை மூடிக்கொண்டான்.

அவர்கள் வெளியேற, சேறு அப்பிய பூட்ஸோடு மலையேறிகள் ஒரு ஜோடி உள்ளே வந்தது. ஜோடியில் ஆண் இரண்டு பைண்ட் வாங்கினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், குடித்தான், கண்ணை மூடினான்.

"இந்த மாதிரி பியர் குடிச்சு எத்தனை நாளாச்சு! பாட்டு இல்ல, கூச்சல் இல்ல. பப்புன்னா இப்படி இருக்கணுங்க. எப்பவும் இவ்வளவு அமைதியாத்தான் இருக்குமா?"

"இன்னிக்குத்தான்" என்றாள் எனிட்.

அவர்கள் வெயில் தட்டுகிறதென்று கிளாஸோடு வெளியே திண்டுக்குப் போனார்கள். வில்ஃப் மட்டும் மிச்சம். நாய் அவர் காலடியில் தூங்கியது.

"புதன்கிழமை கட்டு மாத்த அவ வருவா" என்றார் வில்ஃப், கிளாஸைப் பார்த்துக்கொண்டு. "அன்னிக்கு நானும்தாம்மா சிரிச்சேன்."

எனிட் டார்ட்ஸ் அலமாரியின் கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

வெளியே ஹாரன் அடித்தது. மறுபடி, நீளமாக. டெரிக்கின் வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் வில்ஃபை மேட்டின் மேலிருக்கும் அவர் வீட்டில் இறக்கிவிடுவது அவன்தான்.

வில்ஃப் தடியை ஊன்றி எழுந்தார். கிளாஸில் பாதிக்கு மேல் இருந்தது. "இந்தக் காலை வெச்சுக்கிட்டு அந்த மேட்டுல நான் எப்படி ஏறுவேன், சொல்லு? நான் அவன்கூடப் போறதை நீ தப்பா எடுத்துக்க மாட்டியேம்மா?"

எனிட் அவருடைய கிளாஸை எடுக்கவும் இல்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. கவுன்ட்டரின் ஈரத்தை ஒரு முனையிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தாள். வில்ஃப் கொஞ்சம் நின்றார். பிறகு நாயைக் காலால் மெல்லத் தட்டி எழுப்பிக்கொண்டு, கட்டுப் போட்ட காலை இழுத்தபடி வெளியே போனார்.