என் மருமகள் கண்ணில் படாத பச்சை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறவள் என் மருமகள். கதையும் அவளைப் பற்றியதுதான். குறை சொல்லும் இடம் வந்தால் அவள் விரல் தானாக நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் தட்டி முடித்ததும் என் வீட்டுக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லப் போகிறேன். ஒரு வார்த்தை குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து சொல்வேன்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. வந்தபோது பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். முதுகுவலி வந்து, நின்றுகொண்டே பாடம் எடுக்க முடியாமல் வேலையை விட்டாள். பிறகு ஒரு வருடம் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, தானாகவே ஒன்றைக் கற்றாள். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். ஜாவாஸ்கிரிப்ட் என்றாள். கேட்டால் ஏதோ வியாதியின் பெயர் போல இருந்தது. வீட்டில் ஏற்கெனவே ஒரு வியாதி இருந்ததால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. போனில் ஒரு பட்டனை அழுத்தினால் அது பதில் சொல்கிறதே, அந்தப் பதிலைச் சொல்ல வைக்கும் மொழி என்று பின்னால் ஒரு நாள் சொன்னாள்.

இப்போது ஒரு சின்னக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். துணி காயும் ஜன்னலுக்குக் கீழே இரண்டு திரை, ஒரு முதுகு சாய்கிற நாற்காலி. ஆபீசில் அவளுக்கு ஊசி என்று பட்டப்பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, அடுத்தவர் எழுதியதில் பிழை எங்கே இருந்தாலும் போய்க் குத்திவிடுவாளாம். தன்னுடையதில் பிழை இருக்கும் என்று அவள் நினைத்து நான் பார்த்ததில்லை. இந்த இடத்தில் விரல் நின்றது. தட்டு என்று சொல்லிவிட்டேன்.

அவள் வேலை செய்வதைப் பார்த்து நான் முதலில் பயந்தது ஒரு காலையில். திரையில் செய்திப் பத்திரிகையின் பக்கம் இருந்தது. அதன் மேல் எதையோ தட்டினாள். வலது பக்கத்தில் ஒரு பலகை திறந்து, பக்கத்தின் குடல் குந்தாணி எல்லாம் எழுத்தெழுத்தாக வெளியே வந்தது. அதில் கை வைத்தாள். பத்திரிகையின் தலைப்பு முழுக்கச் சிவப்பாக மாறியது. எனக்குப் பகீரென்றது. ஊரே படிக்கும் பத்திரிகையில் போய்க் கை வைக்கிறாளே, போலீஸ் வந்தால் நான் என்ன சொல்வேன் என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். அவள் சிரித்தாள்.

“இது என் கண்ணுக்கு மட்டும்தான் அத்தை. ஊருக்கு எல்லாம் பழையபடிதான் தெரியும்.”

ஒரு பட்டனைத் தட்டினாள். சிவப்பு போய்விட்டது. அந்தப் பேச்சை அன்று நான் சாதாரணமாக விட்டுவிட்டேன்.

பிறகு பார்த்ததெல்லாம் இதே மாதிரிதான். ஓடிக்கொண்டிருக்கும் வேலையைப் பாதி வரியில் நிறுத்தி வைப்பாள். நின்ற இடத்தில் எதன் கையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதனை போடுவாள். நன்றாக ஓடுகிற பக்கத்தை வேண்டுமென்றே நொண்ட வைப்பாள். ஏனம்மா இப்படி என்றால், சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறேன் என்பாள். இவ்வளவு பார்க்கிறவளுக்கு ஒன்று தெரியாமல் போனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு ஆறு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸ் சென்டருக்குப் போய், நாலு மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் மூச்சு வாங்கும். மூன்றாவதைப் பற்றி டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சென்டரின் வேன் வாசலுக்கே வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் முன்னதாகவே போனில் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினவருக்குத்தான் வேன், அழுத்தினவருக்குத்தான் மெஷின். அந்தப் பக்கத்தைச் செய்தது என் மருமகள்தான்.

அதில் அவள் பெருமைப்பட்ட ஒரு வேலை உண்டு. சென்டர் இருந்தது தரைக்குக் கீழே. அங்கே சிக்னல் வராது. அதனால் பக்கத்தைப் போனுக்குள்ளேயே பத்திரப்படுத்தி வைக்கிற மாதிரி செய்தாள். சிக்னல் இல்லாமல் அழுத்தினாலும் போன் அந்த அழுத்தலை வாங்கி வைத்துக்கொண்டு, சரி என்று ஒரு டிக் காட்டும். வழி கிடைத்ததும் அனுப்பிவிடும். வயசானவர்கள் பத்துத் தடவை அழுத்த வேண்டாம் பாருங்கள். அதற்கு ஆபீசில் எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள்.

என் போனிலும் அவளே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். இதை மூடிவிடாதீர்கள், மூடினால் மறுபடி எழுத்துக் கூட்டித் தேட வேண்டும், அப்படியே இருக்கட்டும் என்றாள். சென்டர் நர்சும் எல்லாக் கிழங்களிடமும் இதையே சொல்லித்தான் போனைத் திருப்பிக் கொடுப்பாள். ஆக, இரண்டு வருடமாக அந்தப் பக்கத்தை நான் மூடவே இல்லை. பச்சைப் பட்டன். அழுத்துவேன், டிக் வரும், வேன் வரும்.

சென்டர் வேறு கட்டடத்துக்கு மாறியது. வெள்ளிக்கிழமையோடு பழைய இடத்தில், நாங்கள் அழுத்துவதை வாங்கிக்கொள்கிற கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் புது இடம். மருமகள் வெள்ளி மாலையே பக்கத்தை மாற்றினாள். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் மாறியது புரியட்டும் என்று பட்டனை நீலமாக்கினாள். அது யாரை மனதில் வைத்துச் செய்தது என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமைக்கு நீலத்தைத்தான் அழுத்த வேண்டும் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

சனிக்கிழமை காலை போனை எடுத்தேன். பச்சை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். பச்சையேதான். அவளிடம் போய்ச் சொன்னேன். தன் திரையைக் காட்டினாள், நீலம். தன் போனில் பக்கத்தைப் புதிதாகத் திறந்து காட்டினாள், அதுவும் நீலம். உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு நிறம் கொஞ்சம் மாறித் தெரியும் அத்தை என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆபரேஷன் ஆன பிறகுதான் எனக்கு நிறமே தெரிகிறது. போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். பார்த்தாள். உடனே, ஒரு தடவை மூடித் திறந்தால் சரியாகிவிடும் என்று விரலை நீட்டினாள். நான் போனை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

“மூடாதே. மூடக் கூடாதுன்னு சொன்னதே நீதானே.”

“அய்யோ அத்தை, நானே சொல்றேன், இப்ப மூடலாம்.”

“அன்னைக்குச் சொன்னதும் நீ, இன்னைக்குச் சொல்றதும் நீ. இதுல எந்த நீயை நான் நம்பறது?”

அவள் தலையில் அடித்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் ரோஷம். நீலம் வந்தால்தான் அழுத்துவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அன்று முழுக்க நாங்கள் இருவரும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். இன்றைக்குத்தான் ரேடியோ தெளிவாகக் கேட்கிறது என்றார்.

ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். அவளுடைய மேனேஜர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எங்களுக்கும் கேட்டது.

“நாளைக்கு அறுபத்திமூணு பேர் வரணும். ஏழு பேர்தான் அழுத்தியிருக்காங்க. மத்தவங்களுக்கெல்லாம் நேத்தோட குணமாயிடுச்சா?”

என் வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்தார். மெஷின் கிடைக்காத ஐம்பத்தாறு பேர். அவர்களில் பாதிப் பேரின் முகம் எனக்குத் தெரியும். வேனில் என் பக்கத்தில் உட்காருகிற ரிட்டயர்டு கண்டக்டர், போன வாரமே மூச்சு வாங்கியபடி ஏறினவர்.

அவள் ஒரு மணி நேரம் தேடினாள். நிறுத்திப் பார்த்தாள், நொண்ட வைத்துப் பார்த்தாள், குடலை உருவிப் பார்த்தாள். எதைத் திறந்தாலும் நீலம். எல்லாம் சரியாக இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது என்று அவள் தனக்குத்தானே சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு எழுந்து சமையலறைக்கு வந்தாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

“அத்தை, போனைக் கொஞ்சம் குடுங்க. மூட மாட்டேன்.”

கையைத் துடைத்துக்கொண்டு கொடுத்தேன். ஒரு ஒயரை எடுத்து என் போனைத் தன் கம்ப்யூட்டரோடு மாட்டினாள். என் போனின் உள்பக்கம் அவள் திரையில் விரிந்தது. அதைப் பார்த்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் என் வீட்டுக்காரருக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். பக்கத்தைப் பத்திரப்படுத்த அவள் ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு வாட்ச்மேனை வைத்திருக்கிறாள். எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் மாதிரி. புது வாட்ச்மேன் வந்தாலும், பழையவர் இருக்கும் வரை வாசலில்தான் காத்திருக்க வேண்டும். பழையவர் எப்போது போவார்? அந்தப் பக்கத்தை மூடும்போது. நாங்கள்தான் மூடுவதே இல்லையே. வெள்ளி மாலையிலிருந்து என் போனுக்குள் புதியவர் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். பழையவர் பச்சையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சொல்பேச்சு கேட்காமல் பக்கத்தை மூடித் திறந்த ஏழு பேருக்குத்தான் நீலம் வந்திருக்கிறது, மற்றவர்கள் பச்சையை அழுத்தியிருக்கிறார்கள். கழற்றிப் போட்ட கம்ப்யூட்டர் எங்கே பதில் சொல்லும்? போன் அந்த அழுத்தலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சரி என்று டிக் காட்டியிருக்கிறது. ஐம்பத்தைந்து பேரும் நாளைக்கு வேன் வரும் என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

“உனக்கு மட்டும் எப்படி நீலமா தெரிஞ்சுது?”

அவள் தன் திரையில் ஒரு மூலைக்குப் போனாள். அங்கே ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக்.

“இது இருந்தா எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசுதான் வரும். வேலை சீக்கிரம் முடியும்னு போட்டது. எடுக்கவே இல்லை. ரெண்டு வருஷமா நான் பாத்ததை வேற யாருமே பாக்கலை அத்தை.”

பத்திரிகையைச் சிவப்பாக்கிய அன்று சொன்னாளே, என் கண்ணுக்கு மட்டும் என்று. எனக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் சொன்னாள். சனிக்கிழமை அவள் என் போனில் அதை மூடித் திறந்திருந்தால் நீலம் வந்திருக்கும். பார்த்தீர்களா என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாளாம், மற்றவர்களுக்குத் தெரிகிற பச்சையைப் பார்க்க வீட்டில் வேறு போனே இருந்திருக்காது. நான் போனை இழுத்துக்கொண்டது ஏதோ புத்தியோடு செய்தது அல்ல. கண்ணைக் குறை சொன்னாளே என்ற கோபத்தில் செய்தது.

முதலில் அந்த டிக்கை எடுத்தாள். பிறகு, புது வாட்ச்மேன் வந்ததும் காத்திருக்காமல் நேரே உள்ளே போய்ப் பழையவரை எழுப்பிவிட்டு உட்காரும்படி எழுதினாள். மடியில் இருக்கும் அழுத்தல்களை எடுத்துப் புது இடத்துக்கு அனுப்பும் வேலையையும் அவருக்கே கொடுத்தாள். எழுதினது பாதிதான், அழித்தது மீதி. ஒன்றரை மணிக்கு என் போனில்தான் முதலில் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது பச்சை அப்படியே நீலமானது. பிறகு அதை எல்லாப் போனுக்கும் அனுப்பினாள்.

அதற்கப்புறம் மூன்று பேரும் திரையில் ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரியும். ஏழு. ஏழு. ஒன்பது. பதினான்கு. மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. நாலு மணிக்கு ஐம்பத்திரண்டில் நின்றது. மீதிப் பேர் போனை அணைத்து வைத்திருப்பார்கள் என்று நர்சும் மேனேஜரும் வீட்டு நம்பர்களுக்குப் பேசி, போனைப் போடச் சொன்னார்கள். கண்டக்டரின் மகளிடம் மருமகளே பேசினாள். தப்பு என்னுடையது என்று அவள் வாயால் நான் கேட்டது அன்றுதான். இந்த இடத்தில் விரல் நிற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தரைக்கு அறுபத்திரண்டு. ஒருவர் மட்டும் பாக்கி. ஆறு மணிக்குக் கணக்கை மூடிவிடுவார்கள். நர்ஸ் போனின் அந்தப் பக்கம் தன் பட்டியலை வைத்துக்கொண்டு, வந்த பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போனாள். விட்டுப்போனவர் யார் என்று அவள் சொல்ல, மருமகள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அத்தை, மாமாதான்.”

பச்சையை அழுத்த மாட்டேன் என்று இரண்டு நாள் பிடிவாதம் பிடித்தவள், நீலம் வந்த பிறகு அழுத்த மறந்துவிட்டேன். ஊர் முழுக்கப் போன் பேசி எழுப்பினோம், எங்கள் வீட்டில் யாரும் அழுத்தவில்லை. என் வீட்டுக்காரர், நான் இங்கேதான் இருக்கிறேன், யாராவது கவனித்தால் நல்லது என்றார். போன் ஒயரோடு இன்னும் கம்ப்யூட்டரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே அழுத்தினேன். அறுபத்திமூன்று.

திங்கள் காலை ஆறரைக்கு வேன் வந்தது. கண்டக்டர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என் போன் நேற்று தானாகவே நிறம் மாறியது, பேய் புகுந்துவிட்டது என்று வேன்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் என் வீட்டுக்காரரைக் கைபிடித்து ஏற்றினேன். நடந்ததையெல்லாம் மருமகளே எழுதி அறுபத்திமூன்று வீட்டுக்கும் அனுப்பப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

இப்போது ஒவ்வொரு மாற்றமும் போட்ட பிறகு அவள் என்னிடம் வந்து, தன் திரையை விட்டுவிட்டு என் போனைப் பார்க்கிறாள். போன வாரம், இனிமேல் நீங்கள் அந்தப் பக்கத்தை மூடலாம், ஒன்றும் ஆகாது என்றாள். மூட மாட்டேன் என்றேன்.

“சரி, மூடாதீங்க. எனக்கு ஒருத்தராவது அப்படி வேணும்.”