எச்சில் விரலும் சீனத்து ஞானியும்

குடல் பரிசோதனைக்கு வரச்சொல்லி ஒஸ்லோ ஆஸ்பத்திரிக் கடிதம் வந்ததும், சாகப்போகிறேன் என்றே நம்பினேன். என் செத்தவீட்டுக்கு யார் யார் வரக்கூடாது என்று பட்டியலும் எழுதிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த இடத்தில், பக்கத்தில் ஒரு தமிழர், வெள்ளை மீசைக்காரர், பழைய சீன ஞானி ஒருவரைப் பற்றிய புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் விரலை நாக்கில் நனைத்தார். அதுவும் அந்த இடத்தில்! பொறுக்காமல் கேட்டேன்.

“அண்ணை, அந்தக் கையாலை கதவு, கதிரை எல்லாம் தொட்டனீங்களெல்லோ?”

“தம்பி, அரசன் குடுத்த பதவியை விட்டிட்டு மீன் பிடிச்ச மனுசன் இந்த ஞானி. பீயிலையும் மெய்ப்பொருளைக் கண்டவர். நீர் எச்சிலுக்கே பயப்பிடுறீர்!”

“எனக்குச் சாவுக்குத்தான் பயம், அண்ணை.”

“எனக்கும்தான். அதுதான் கெதியா வாசிக்கிறன், முடிச்சிட வேணுமெல்லோ.”

அவரைக் கூப்பிட்டார்கள். புத்தகத்தை விரித்தபடியே என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

பரிசோதித்துவிட்டு, எனக்கு வெறும் மூலவியாதி என்றார்கள். அவரை வீட்டுக்கு விடாமல் வார்டில் மறித்துவிட்டார்கள். ஈரம் காயாத அந்தப் பக்கத்தின் நுனியை மடித்து, புத்தகத்தை அவரிடம் சேர்க்கச் சொல்லித் தாதியிடம் கொடுத்தேன்.