கேட்டுக்கு வெளியே நின்ற அம்மன்

அயனம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் வெளிநாட்டில். அந்த ஆடி ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து, கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் நம் கடற்கரையில் முதன்முதலாகக் குடியேறிய கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டு மணல்திட்டைக் கேட்டு வாங்கியவர்கள், முதல் வேலையாகச் சுவர் எழுப்பினார்கள். பக்கத்துக் குப்பத்தில் ஒரு முகம்கூடத் தெரியாமல், உள்ளேயே காய்ச்சலில் கிடந்து செத்தவர்கள் எத்தனையோ பேர். எனக்கு எரிச்சலாக வந்தது. வந்த இடத்தில் நாலு பேரிடம் பழகத் துப்பில்லை, இதில் கோட்டை வேறு ஒரு கேடா?

கீழே பம்பைச் சத்தம் கேட்டது. பால்கனியிலிருந்து பார்த்தேன். ஊர்வலமாக வந்த ஊர் அம்மன் எங்கள் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பியது. வசூலுக்கு வருகிறார்கள் என்று நினைத்து, அம்மன் வரும் நாளில் கேட்டைச் சாத்திவிட வேண்டும் என்று முதல் வருஷமே அசோசியேஷனில் முடிவு செய்திருந்தோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

இறங்கிப் போய், வசூலுக்குத்தான் வந்தார்களா என்று இந்த ஊர்க்காரரான செக்யூரிட்டியிடம் கேட்டேன்.

"வசூலா? இன்னா சார் நீங்க! ஊருக்குப் புதுசா வந்தவங்க ஊட்டு வாசல்ல ஆத்தா நின்னு பாத்துட்டுப் போவும். நாலு வருசமா வந்துகினுதான் கீது. நீங்கதான் தொறக்கல."

வெளியே தரையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். பார்சல் கொடுக்கிறவர்களை விட்டால், இந்த நாலு வருஷத்தில் என்னைத் தேடி வேறு யாரும் வரவில்லை.