மணிமேகலையின் சட்டிச் சங்கிலி

செம்பட்டிக்கு மேற்கே டிராக்டர் சத்தம் கேட்டால், ஓட்டுவது யாரென்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். கியர் மாற்றும்போது வண்டி ஒரு தரம் இருமினால் அது மணிமேகலை. பதினெட்டு வருசத்துப் பழைய வண்டி. வண்டிக்குத்தான் இருமல், ஓட்டுகிறவளுக்கு ஒரு அலுப்பும் கிடையாது. நாற்பத்துநாலு வயசு. தலையில் துண்டு, சேலைக்கு மேலே புருசனின் முழுக்கைச் சட்டை, விடிய ஏறினால் வெயில் சாய இறங்குவாள். புருசன் கண்ணன் பூ மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவன். நல்ல மனுசன்தான், ஆனால் இந்த வண்டியைக் கண்டாலே அவனுக்கு ஆகாது.

ஆகாததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஊரெல்லாம் இப்போது ரொட்டவேட்டர் கேட்கிறது. கொக்கிக் கலப்பை போட்டால் செம்மண் கட்டி கட்டியாகப் புரண்டு கிடக்கும். ரொட்டவேட்டரின் கத்திகள் எஞ்சின் வேகத்தில் சுழன்று அதை மாவாக்கிவிடும். அதைச் சுற்ற மணிமேகலையின் வண்டிக்கு வலு பத்தாது. ஒருமுறை வாடகைக்கு மாட்டிப் பார்த்தாள், புகையைக் கக்கிவிட்டு நின்றேபோனது. ஓட்டச் சொல்கிறவர்கள் ஒவ்வொருத்தராகக் கழன்று, மிஞ்சியவர் உடையப்பன் ஒருத்தர்தான். பதினோரு ஏக்கரில் சின்ன வெங்காயம் போடுகிறவர். அவரும் சொல்லிவிட்டார், "இந்தத் தடவை கட்டி இல்லாம ஓட்டிக் குடு. ஏலலேன்னா சொல்லிரு, வேற வண்டியக் கூப்பிட்டுக்கிறேன்."

அவரும் போனால் வண்டியை விற்றுவிடுவது என்று வீட்டில் பேச்சு. கண்ணன் அதைக் கழுவிப் போட்டோ எடுத்து புரோக்கருக்கு அனுப்பியும் விட்டான். வாங்கின நாளுக்கப்புறம் அவன் அந்த வண்டியைக் கழுவியது அன்றைக்குத்தான். அது அவளுக்கு ரொம்பச் சுட்டது.

அந்த வாரம்தான் போனில் ஒரு வீடியோ வந்தது. ஏதோ வெளிநாட்டு வயக்காடு. டிராக்டருக்குப் பின்னால் தடித்த சங்கிலி, அதில் வரிசையாக, கலப்பையில் வருகிற மாதிரி வட்டமான இரும்புச் சட்டிகள். சங்கிலி உருண்டுகொண்டே போக, பின்னால் மண் சலித்தது மாதிரி விழுகிறது. எஞ்சின் எதையும் சுற்ற வேண்டாம், இழுத்தால் போதும். இழுக்கிறதுக்கு நம்ம வண்டிக்கு என்ன குறைச்சல் என்று மறுநாளே திண்டுக்கல் பஸ் ஏறினாள்.

பேகம்பூரில் அக்பர் அலியின் வெல்டிங் பட்டறை. மூலையில் பழைய கலப்பைச் சட்டிகள் குவிந்து கிடந்தன. இருக்கிறதிலேயே பெரிய, ஓரத்தில் பல் வெட்டிய சட்டியின் மேல் மணிமேகலை கையை வைத்தாள்.

"அது சோளத்தட்டைய வெட்டுறதும்மா" என்றார் அக்பர் அலி. "வெங்காயத்துக்கு மேல்மண்ணுதான பொடியணும்? இது ஆழமா இறங்கி, அடியில கெடக்குற கட்டியெல்லாம் மேல கொண்டாந்து போட்டுரும். ஒன் வண்டியும் இழுக்காது."

சிறுசாக, பல் இல்லாமல், குழி குறைந்த சட்டிகளாக அவரே பொறுக்கினார். ஒவ்வொன்றையும் நூல் பிடித்து அளந்தார். ஒன்று பெருசு ஒன்று சிறுசாக இருந்தால் சங்கிலி குதிக்குமாம்.

"ஓரம் தேஞ்சு கெடக்கே பாய்."

"தேஞ்சா என்ன? வெட்டவா போற, கட்டிய ஒடைக்கத்தான."

சங்கிலி முறுக்கிக்கொள்ளாதா என்று கேட்டாள். அவர் எதிரே கட்டியிருந்த பசுமாட்டைக் காட்டினார். அது எத்தனை சுற்றுச் சுற்றினாலும் சங்கிலி முறுக்காமல் இருக்க, நடுவில் தானாகச் சுழலும் வளையம் ஒன்று இருக்கிறதல்லவா, அதே மாதிரி இரண்டு முனையிலும் பேரிங் வைப்பதாகச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் போனது, எத்தனை சட்டி என்கிற பேச்சு வரும்வரை.

"பதினஞ்சு" என்றாள்.

"பதினாலு வச்சா தோதா இருக்கும்மா."

"ரெட்டைப்படை ஆகாது பாய். நாங்க மொய்யே ஒத்தப்படையிலதான் வைப்போம்."

அக்பர் அலி வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். சங்கிலியை இரண்டாகப் பிரித்து, வண்டிக்குப் பின்னால் இரண்டும் சாய்வாக விரிகிற மாதிரி சட்டம் அடித்து, இடப்பக்கம் எட்டு, வலப்பக்கம் ஏழு என்று போல்ட் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மணிமேகலை சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, தன் தரிசில் இறக்கினாள். கேட்டால் சிரிப்பீர்கள். நேரே போ என்றால் வண்டி இடப்பக்கமாகவே ஒதுங்கிப் போனது. மூணு சுற்றில் காடு முழுக்கக் கோணல் மாணல். வரப்பில் நின்ற கண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் போனை எடுத்தாள்.

"பாய், ஒரு பக்கமா இழுக்குது."

"எட்டு இருக்குற பக்கமா?"

"ஆமா."

"அதத்தாம்மா அன்னைக்கே சொல்ல வந்தேன். சாமி விசயம், நான் எப்பிடி வாயத் தொறக்க?"

அவள் ஸ்பேனரை எடுத்து எட்டாவது சட்டியைக் கழற்றினாள். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு, தனித்தனியாகப் பார்த்தால் ரெண்டும் ஒத்தைப்படைதானே. சாமிக்கு அம்புட்டுப் போதும் என்று முடிவுகட்டினாள். வண்டி நேராகப் போனது.

உடையப்பன் காட்டில் ரெண்டு ஏக்கரை ஓட்டி முடித்தபோது மணி நாலு. அவர் பார்க்கிற விதம் ஊருக்கே தெரியும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காடு முழுக்க வெறுங்காலில் நடப்பார். குதிங்காலில் ஒரு கட்டி உறுத்தினாலும் அங்கேயே நின்று சத்தம் போடுவார். எத்தனையோ டிரைவர்களை நடுங்கவைத்த கால் அது.

நடந்தார். வடமூலையில் ஈரம் இருந்தது, அங்கே சரியாக உடையவில்லையோ என்று மணிமேகலைக்கே சந்தேகம். அவர் அந்த மூலையிலும் நிற்காமல் நடந்து திரும்பி வந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. மிச்சத்தையும் நீயே ஓட்டிரு" என்றார்.

அவளுக்கு உசுரே திரும்பி வந்தது. கும்பிடப் போய்க் குனிந்தவள் அவர் குதிங்காலைப் பார்த்தாள். அரை விரல் நீளக் கருவேலமுள் ஏறியிருந்தது, சுற்றிலும் ரத்தம்.

"மாமா, கால்ல முள்ளு."

"எங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. அவர் காலைத் தூக்கிப் பார்த்தார். "சக்கரை. ரெண்டு வருசமா கணுக்காலுக்குக் கீழ ஒண்ணும் தெரியல. ஊர்ல யாருக்கும் தெரியாது."

மணிமேகலை முள்ளைப் பிடுங்கி, தலைத்துண்டைக் கிழித்துக் கட்டினாள். வடமூலையைப் பற்றிப் பேசாமல் இருந்தால் வேலை அவளுடையது, வண்டியும் அவளுடையது. செருப்பை உதறிவிட்டு வடமூலைக்கு நடந்தாள். குதிங்கால் சுருக்கென்றது.

"இங்கன கட்டி இருக்கு மாமா. இன்னொரு சுத்து போடணும்."

உடையப்பன், "போடு" என்றார்.

போட்டுவிட்டு வந்து, மறுபடி வெறுங்காலில் நடந்து பார்த்து, இப்போது சரி என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"புதங்கிழம கிழக்குத் துண்ட ஓட்டணும்" என்றார். "வர்றப்போ செருப்பு போட்டுட்டு வராத."