பக்கத்து வீட்டுப் பால்

புது ஃபிளாட்டில் இன்று காலை பால் பொங்கி வழிந்து அடுப்பில் தீய்ந்த வாசனை, இதே மனையில் முன்பு இருந்த எங்கள் லைன் வீட்டுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. புதுக்கோட்டை டவுனுக்குள் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஆறு வீடுகள். பிள்ளைகளின் படிப்புக்காக ஜெகதாப்பட்டினம், கறம்பக்குடிப் பக்கமிருந்து குடும்பங்கள் வரும், பரீட்சை முடிந்ததும் காலி செய்துவிட்டுப் போகும். குடிவருகிறவர்கள் பால் காய்ச்சி எங்களுக்கும் ஒரு டம்ளர் கொடுப்பார்கள். அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக் கதவைச் சாத்துவாள். "யாரு எவருன்னு தெரியாம வாயில வச்சிராத" என்று என்னை அதட்டிவிட்டுக் கொல்லைச் செம்பருத்திக்கு ஊற்றுவாள். பிறகு டம்ளரைக் கழுவி, வெறுமையாகக் கொடுக்கக் கூடாதென்று கொஞ்சம் சர்க்கரை போட்டு, "பாலு நல்லா இருந்துச்சுங்க" என்று திருப்பிக் கொடுப்பாள். வந்துபோன எல்லாக் குடும்பத்தையும் அறிந்தது அந்தச் செடி ஒன்றுதான்.

இன்று எதிர் ஃபிளாட்டுக்கு நானும் ஒரு டம்ளர் கொடுத்தேன். சற்று நேரத்தில் அந்தப் பெண் தன் வாசலில் நின்றபடி, சர்க்கரை போட்ட டம்ளரை நீட்டினாள்.

"பாலு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

அவள் காலருகே இருந்த ரோஜாத் தொட்டியின் மண்ணில் பால் இன்னும் முழுதாக வற்றியிருக்கவில்லை.