கேட்டுக்கு வெளியே மஞ்சள் கவர்

என் வீட்டுக்காரர் தலையில் அடிபட்ட அன்றைக்கு, அவர் உடம்பைப் பற்றி முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நாற்பது நிமிஷம் ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவளும் நான்தான். இதை எழுத உட்காரும்போதெல்லாம் அந்தக் கேட்டில் நின்ற செக்யூரிட்டிக்காரியைத் திட்டித்தான் ஆரம்பிக்கிறேன். நாலு வரி திட்டியதும் கை நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது என்று சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் வீடு கேரள எல்லையில், வடகரப்பதிப் பக்கம். ரேஷன், ஓட்டு, பஞ்சாயத்து எல்லாம் பாலக்காடு. சம்பந்தம், ஜவுளி, நல்லது கெட்டது எல்லாம் கோயமுத்தூர். ஆஸ்பத்திரியும் அப்படித்தான். காய்ச்சல், பிரஷர் என்றால் பாலக்காட்டுப் பக்கம் போவோம். கொஞ்சம் பயப்படுகிற மாதிரி ஏதாவது என்றால் கோயமுத்தூர். எங்கள் பக்கத்து பீரோக்களைத் திறந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு ஃபைல் இருக்கும். என் வீட்டுக்காரருக்குப் பாலக்காட்டு ஃபைல் நீலம். கோயமுத்தூர்க் காகிதமெல்லாம் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கவரில் கிடக்கும்.

இரண்டையும் சேர்த்துக் காட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். போட்டவள் நான். சில வருஷம் முன்னால் அவர் பிரஷருக்காகப் பாலக்காட்டுக்குப் போனபோது, வெகுளியாக மஞ்சள் கவரையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். அங்கிருந்த டாக்டர் இரண்டு காகிதம் புரட்டினார். "அவிடெ காணிச்சா பின்னெ இவிடெ எந்தினா வந்நது?" என்றார். அங்கே காட்டினால் அப்புறம் இங்கே எதற்கு வந்தாய் என்று. வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன், இனிமேல் பாலக்காட்டில் கோயமுத்தூர் என்கிற பேச்சே எடுக்கக் கூடாது, அங்கே போனால் இங்கே என்கிற பேச்சே கூடாது என்று. வீட்டுக்காரர் சிரித்தார். "ஏனுங்க அம்மிணி, ரெண்டு பொண்டாட்டிக்காரன் கணக்கா என்னைய ஆக்கிப்போட்டீங்களே" என்றார்.

அதற்கு அடுத்த வருஷம் அவருக்கு இடது காலில் இரத்தம் கட்டிக்கொண்டது. கோயமுத்தூரில் காட்டினோம். இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை எழுதினார்கள். டாக்டர் ஒரு சின்ன அட்டையை என் கையில் கொடுத்து, "அம்மா, இவரு எங்காச்சும் விழுந்து தலையில அடிபட்டா, எந்த ஊரு ஆஸ்பத்திரியா இருந்தாலும் மொதல்ல இந்த மாத்திரையச் சொல்லீருங்க. வலி ஊசி போட விட்றாதீங்க. உள்ள ரத்தம் கசிஞ்சா நிக்காது" என்றார். வீட்டுக்காரர் காலைக் காட்டிப் படுத்திருந்தார். கேட்டவள் நான். அட்டையை மஞ்சள் கவருக்குள் போட்டேன். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த மாத்திரையை உரித்துக் கொடுப்பதும் நான்தான். அவருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

அன்றைக்குக் காலையில் மோட்டார் போடப் போனவர், படியில் பாசி வழுக்கித் தொட்டி விளிம்பில் பின்மண்டை மோத விழுந்தார். எழுந்து நடந்துதான் வந்தார். இரத்தம்கூட அதிகம் இல்லை. "ஒண்ணுமில்ல, ஒரு காப்பி வைங்க" என்றார். காப்பி குடித்த பத்தாவது நிமிஷம் தலையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் வாந்தி. இரண்டாவது வாந்தி என் சேலை முழுக்க. பேச்சு குழற ஆரம்பித்தது. கொழுந்தனார் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். பிக்கப் வண்டியோடு ஓடி வந்தார். கோயமுத்தூர் ரோட்டில் பாலம் வேலை, வண்டிகள் நகரவில்லை என்றார். பாலக்காட்டுப் பக்கமே ஓட்டினார். நான் பீரோவில் இருந்த இரண்டு ஃபைலையும் வயர் கூடையில் திணித்துக்கொண்டு ஏறினேன்.

ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லப் போவதில்லை. கேஷுவாலிட்டி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. செக்யூரிட்டிக்காரி ஒரு பாஸை நீட்டி, "ஒரு ரோகிக்கு ஒரு பைஸ்டாண்டர்" என்றாள். கூட இருக்கிற ஆளுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பாஸ் என் கைக்குத்தான் வந்தது. அதை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன், ஓரம் கிழிந்த அட்டை, கழுத்தில் மாட்ட ஒரு சிவப்புக் கயிறு.

ஆஸ்பத்திரியோ ஆபீசோ, பேசத் தெரிந்த ஆளை முன்னால் விடுவது எங்கள் வழக்கம். கொழுந்தனார் தினமும் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப் போகிறவர். மலையாளம் அவர்களைப் போலவே பேசுவார். எனக்குக் கேட்டால் புரியும், பேசப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் யோசிக்கவே இல்லை. பாஸை அவர் கழுத்தில் மாட்டினேன். நீல ஃபைலை எடுத்துக் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, போகிறவரைக் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன்: "தம்பி, கோயமுத்தூர்ச் சமாச்சாரம் எதையும் வாயத் தொறந்துராதீங்க. வேற வைத்தியமே இல்லீன்னு சொல்லீருங்க. அப்பறம் பாக்க மாட்டேன்னு தொரத்தீருவாங்க."

"செரிங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு ஓடினார். ஸ்ட்ரெச்சருக்குக் கை வேண்டுமென்று வண்டிச் சாவியையும் போனையும் என் கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

கதவு மூடியது. நான் சுவரோரம் உட்கார்ந்தேன். சேலையைத் துடைக்கத் துண்டு தேடிக் கூடைக்குள் கை விட்டேன். மஞ்சள் கவர் கையில் பட்டது. அவ்வளவுதான். கோயமுத்தூர் டாக்டர் சொன்னது அத்தனையும் ஒரு வார்த்தை விடாமல் நினைவுக்கு வந்தது. மண்டையில் அடி. வலி ஊசி. நிற்காது.

எழுந்து கேட்டுக்குப் போனேன். "உள்ள போகணும், நான் அவரோட சம்சாரம்" என்றேன்.

"பாஸ் இல்லாதெ பற்றில்ல, சேச்சி." பாஸ் இல்லாமல் முடியாது என்று.

"மருந்து விவரம் சொல்லணுங்க. அவசரமுங்க."

"பைஸ்டாண்டர் உள்ளெ உண்டல்லோ."

கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். என் கூடைக்குள்ளேயே மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது, நான்தான் நிறுத்த வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

அட்டையை எடுத்து நீட்டினேன். "இதையாவது டாக்டர் கையில குடுத்துருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." அவள் அதை வாங்கவில்லை. காகிதமெல்லாம் பைஸ்டாண்டரிடம்தான் தர வேண்டும், அவர் வெளியே வரும்போது கொடுங்கள் என்றாள். அவர் எப்போது வருவார்? தெரியாது. யார் கூப்பிடுவார்கள்? அங்கே உட்காருங்கள், பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். யார் பேரை? ரோகியின் பேரை. நான் கத்தினேன், அவர் மனைவி நான், முப்பது வருஷமாக அவரோடு இருக்கிறேன், எனக்கு உள்ளே போக உரிமை இல்லையா என்று. தமிழிலா மலையாளத்திலா என்றே தெரியவில்லை. அவள் கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. வரிசையாக நின்ற பெண்களைக் காட்டி, "எல்லாரும் பாரியமார் தன்னெ, சேச்சி" என்றாள். எல்லோரும் மனைவிகள்தான். உண்மைதான், அத்தனை பேர் கையிலும் ஒரு பை இருந்தது.

வாசலில் கடிகாரம் எதுவும் இல்லை, என் போனில்தான் மணி பார்த்தேன். பதினொன்றே கால். பதினொன்றரை. சுற்றிப் போய் வேறு கதவைத் தட்டினேன். எக்ஸ்ரே அறை, பூட்டியிருந்தது. மருந்துக் கடை ஜன்னலில் நின்று அழுதேன். அந்தப் பெண் ஏதோ நம்பருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. ஒவ்வொரு நிமிஷமும் அவர் மண்டைக்குள் என்னவோ சொட்டிக்கொண்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது. மாரியாத்தாளை வேண்டினேன். வேண்டும்போதே, நீதானே வாயை அடைத்து அனுப்பினாய் என்று எனக்கே கேட்டது.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. ஏதோ விபத்து, வயதான ஒருவர். அவரோடு ஒருத்தரும் இல்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்கள். நான் போய் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அப்பா, அப்பா" என்று அழுதுகொண்டே கூட ஓடினேன். செக்யூரிட்டிக்காரி வழி விட்டாள். சொந்தப் புருஷனுக்குத் திறக்காத கதவு யாரோ ஒருவரின் மகளுக்குத் திறந்தது. அந்த மனிதரின் ஸ்ட்ரெச்சர்க் கம்பியை உள்ளே போனதும் விட்டுவிட்டேன். அவருக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாவது திரைக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் இருந்தார். கண் பாதி மூடியிருந்தது. நர்ஸ் ஊசிக் குழாயைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். வலிக்கு, இப்போதுதான் போட்டது என்றாள்.

டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். அட்டையை வாங்கிப் படித்தாள். முகம் மாறியது. ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு உத்தரவு போட்டாள். ஸ்கேன், இரத்தம், ஆம்புலன்ஸ். போகிற போக்கில் என்னிடம் நின்று, தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னாள்: "மருந்து தெரிஞ்ச ஆள் நீங்கதானே? டியூட்டி டாக்டரை விளிக்கச் சொன்னா கேட்டில விளிச்சே ஆகணும். அது உங்க அவகாசம். ஏன் சொல்லலை?"

விளிப்பது என்றால் கூப்பிடுவது, அவகாசம் என்றால் உரிமை. அப்படி ஒரு உரிமை எனக்கு இருந்தது கேட்டுக்கு உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது. வெளியே சுவரில் செருப்பை எங்கே விடுவது, எங்கே துப்பக் கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தது. இதை யாரும் எழுதவில்லை.

பிறகு அவள் கொழுந்தனார் பக்கம் திரும்பினாள். "வேறெ மருந்நு ஒந்நும் இல்லான்னல்லே நிங்கள் பறஞ்ஞது?" வேறு மருந்து எதுவும் இல்லை என்றுதானே சொன்னீர்கள் என்று.

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனிக்கு அறியில்லாயிருந்நு" என்றார். எனக்குத் தெரியாமல் போயிற்று.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து இரத்தத்தை எடுத்தார்கள். ஆள் பிழைத்தார். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு வரவில்லை. ஊசி போடாமல் இருந்திருந்தால், நாற்பது நிமிஷம் முன்னால் தெரிந்திருந்தால் என்று கேட்டேன். அந்த டாக்டர், "அப்படிச் சொல்ல முடியாதும்மா" என்றார். முடியாது என்பதற்கு என்ன அர்த்தம் என்று எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன்.

வீட்டில் மாமியாருக்கு விஷயம் அரைகுறையாகத் தெரிந்தது. உள்ளே போனவன் மருந்தைச் சொல்லவில்லை, அதனால் பெரியவன் இப்படிக் கிடக்கிறான். அவ்வளவுதான் அவர் புரிந்துகொண்டது. சின்ன மகனோடு பேச்சை நிறுத்திவிட்டார். கொழுந்தனார் தினமும் காலையில் வந்து அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டுவார். அப்போதெல்லாம் மாமியார் அடுப்படியில் இருந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்: "இப்பத் தூக்கி என்னத்துக்கு? அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ற பையன் நடந்துக்கிட்டு இருப்பான்." கொழுந்தனார் தண்ணீர் சூடு போதுமா என்று என்னைக் கேட்பார். நான் போதும் என்பேன். இப்படியே எட்டு மாதம் போயிற்று. என்னைப் போல ஒரு பாவி உண்டா?

போன வாரம் செக்கப்புக்குப் போனோம். கவுண்டரில், வேறு எங்காவது வைத்தியம் உண்டா என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தனார் சட்டைப் பையில் இருந்து ஒரு அட்டையை எடுத்து வைத்தார். அவர் கையெழுத்தில், மலையாளத்தில், அண்ணனின் எல்லா மாத்திரையும் வரிசையாக எழுதி, தண்ணீர் படாமல் லேமினேஷன் போட்டது. ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. எவ்வளவு நாளாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அன்னையிலிருந்துங்க அண்ணி" என்றார். பாஸ் ஒன்றுதான் கொடுத்தார்கள். அவர் அதை என் கழுத்தில் மாட்டிவிட்டு வெளியே போய் நின்றார்.

மறுநாள் காலை குளிப்பாட்டும்போது மாமியார் வழக்கம்போல ஆரம்பித்தார். நான் ஈரக் கையோடு அடுப்படி வாசலுக்குப் போனேன்.

"அத்தை, கோயமுத்தூர் மருந்தச் சொல்ல வேண்டாம்னு தம்பிகிட்டச் சொல்லி அனுப்புனது நானுங்க. அவரு தப்பு இல்லீங்க. நாந்தானுங்க."

மாமியார் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். திருப்பிச் சொல்லத்தான் வராது.

கொழுந்தனார் அண்ணனின் அக்குளில் கை கொடுத்துக் குனிந்து நின்றார். முகத்தை நிமிர்த்தவில்லை.

"அண்ணி, காலப் புடிங்க" என்றார். "தண்ணி ஆறுது."

நான் போய்க் காலைப் பிடித்தேன்.