தேய்ந்த குழாயும் என் சர்க்கரையும்

நான் இனிப்பை விட்டது டாக்டருக்குப் பயந்து இல்லை. வீட்டில் ஒரு வார்த்தை விட்டேன். விட்ட வார்த்தையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் அன்று எதிர்வீடு, பக்கத்து வீடு, கோயில் தெரு என்று எல்லா இடத்திலிருந்தும் தட்டு தட்டாகப் பலகாரம் வந்தது. அதிரசம், அச்சு முறுக்கு, கேக். வந்ததைத் தொடாமல் வைப்பது மரியாதை இல்லை என்று நானும் தின்றேன். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். காரைக்காலுக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை ஏறிக் கிடந்தது. டாக்டர் சத்தம் போட்டார். வீட்டுக்கு வந்ததும் மருமகள் அவரைவிடக் கூடுதலாகப் போட்டாள். அவள் கோட்டுச்சேரியில் பள்ளிக்கூடத்து டீச்சர். சத்தம் போடுவது அவளுக்குத் தொழில்.

"அத்தை, உங்களால வாயக் கட்ட முடியாது. அது உங்க பொறப்பு."

மாதா படத்துக்கு முன்னால் சாயங்கால ஜெபம் முடிந்து மெழுகுவர்த்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பொறப்பு என்று சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னையிலேருந்து ஈஸ்டர் வரைக்கும் ஒரு பொட்டு இனிப்பு என் நாக்குல படாது. மாதா சாட்சி" என்றேன்.

மகன் சிரித்தான். அவன் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன். "மாதாவ ஏம்மா வம்புல இழுக்கிற?" என்றான்.

நான் சொன்னால் சொன்னதுதான். சர்க்கரை இல்லாத டீ, துணி பிழிந்த தண்ணீர் மாதிரி இருந்தது. குடித்தேன். அம்பகரத்தூரில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்தில் பாயசம் ஊற்ற வந்தவரை இலைக்குக் குறுக்கே கையை வைத்துத் தடுத்தேன். "ஏன் ஆத்தா, எங்க வீட்டுப் பாயசம் எறங்காதோ?" என்று அந்த வீட்டம்மா கேட்டதற்கு, "எறங்கும், அதான் வேணாங்கிறேன்" என்றேன். மருமகள் அடிக்கடி காலையில் என் விரலில் குத்தி ஒரு சின்ன மெஷினில் பார்ப்பாள். எண் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் வாய் திறந்து நல்ல வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சீனி டப்பாவை ஒளித்து வைப்பதை நிறுத்தினாள். அதுவே எனக்குப் போதும்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் மறுபடி காரைக்காலுக்குப் போய், முன்பு பார்த்த அதே மூன்று மாதச் சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்தேன். தாளை மகன் வாங்கி வந்தான். மருமகள் பிரித்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"என்ன போட்டிருக்கு?"

"கிறிஸ்துமஸுக்கு இருந்தத விட ஏறியிருக்கு."

"ஏறாதே."

"ஏறாதேன்னா? மெஷின் பொய் சொல்லுமா அத்தை?"

"அப்ப நான் சொல்றேனா?"

அவள் தாளையே மறுபடி பார்த்தாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மகன் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். "யம்மா, ஒன்ன யாரும் அடிக்கப் போறதில்ல. எங்க சாப்புட்ட, அத மட்டும் சொல்லிடு."

"போலீஸ் ஸ்டேஷன் மாதிரியே கேக்குற. லத்தி எங்கடா?"

"வெளையாடாதம்மா. டாக்டர் போன்ல சொல்லிட்டாரு. இது இப்படியே இருந்தா பண்டிகை முடிஞ்சதும் இன்சுலின் ஊசி ஆரம்பிக்கணுமாம்."

"விரல்ல குத்திப் பாத்தப்பல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?" என்று மருமகளைக் கேட்டேன்.

"அது அந்தந்த நேரத்து சர்க்கரை அத்தை. குத்தப் போறாங்கன்னு தெரிஞ்சா மொத நாளு கம்மியா சாப்புட்டுக்கலாம். இது மூணு மாசத்தையும் சேத்துக் காட்டும். இதுகிட்ட தந்திரம் பண்ண முடியாது."

தந்திரம். நான் இலைக்குக் குறுக்கே கை வைத்ததை அவள் கண்ணால் பார்த்தவள். அப்படிப் பார்த்தவள்தான் இதைச் சொன்னாள். அதோடு விட்டாளா? தாளை மடித்து மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "ஈஸ்டருக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனம் பண்ணுவீங்கல்ல, எங்ககிட்ட சொல்லாட்டியும் அங்கயாவது சொல்லிடுங்க" என்றாள்.

அன்றிலிருந்து சீனி டப்பா மறுபடி காணாமல் போனது.

ஊசிக்கு நான் பயப்படவில்லை. இந்த வயதுக்குமேல் குத்துவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் ஊசி போட ஆரம்பித்தால், திருட்டுத்தனமாகத் தின்றதற்குப் போடுகிற ஊசி என்றுதான் ஆகும். நான் கண்ணை மூடுகிற வரைக்கும் தினமும் அது வயிற்றில் இறங்கும். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கடைசியில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இருமலுக்குக் குடித்த மருந்தில் இனிப்பு இருந்ததோ? கோயிலில் வாங்குகிற நற்கருணை அப்பத்தில் ஏதாவது? அப்படி நினைத்ததற்கு உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். வரிசையில் நின்று, முழங்காலிட்டு, மருமகளை மனதுக்குள் திட்டியது முதல் எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னேன். சர்க்கரையை மட்டும் சொல்லவில்லை. செய்யாததைச் செய்தேன் என்றால் அது ஒரு புதுப் பாவம்.

எழுந்து வெளியே வந்தபோதுதான் ஒன்று தோன்றியது. என்னைக் குற்றம் சொன்னது மருமகள் இல்லை, மெஷின். அதனிடமே போய்க் கேட்டால் என்ன? பழைய தாள், புதுத் தாள் இரண்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் காலை பஸ் ஏறினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ரத்தம் பார்க்கிற இடத்தில் மெஷினைப் பார்த்துக்கொள்வது ஒரு பெண். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் விபூதி, தூக்கம் இல்லாத கண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றது.

"அம்மா, நீங்களே வந்துட்டீங்களா? இன்னைக்கு உங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன். உக்காருங்க."

"பண்ணி என்ன சொல்லப் போற? ஊசி போட்டுக்கோன்னா?"

"இல்லம்மா. இன்னொரு தடவ ரத்தம் குடுங்கன்னு."

நான் உட்கார்ந்தேன். அந்தப் பெண் விவரமாகச் சொன்னது. மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அளவு தெரிந்த ரத்தம் ஒன்று வைத்திருப்பார்களாம். அந்த ரத்தத்துக்கும் மெஷின் கூட்டிக் காட்டியிருக்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே இருக்கிற குழாய் தேய்ந்துபோயிருக்கிறது. முன்பே மாற்றியிருக்க வேண்டியது. புதுசு வருவதற்குத் தாமதம். முந்தின நாள்தான் வந்ததாம், அன்று காலை மாட்டிவிட்டார்கள்.

"எந்தக் குழாய்? காட்டு."

கழற்றிப்போட்டதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தது. சுண்டுவிரல் அளவு இரும்புக் குழாய். இதுவா என்னைத் திருடி ஆக்கியது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இதுக்குள்ள நைசான பொடி கெட்டியா அடைச்சிருக்கும்மா. உங்க ரத்தத்துல ஒரு துளியத் தண்ணில கரைச்சு இதுக்குள்ள தள்ளுவோம். ரத்தத்துல இருக்கிற செவப்புல பல தினுசு இருக்கு. சர்க்கரை ஒட்டுனது ஒண்ணு, ஒட்டாதது ஒண்ணு, அரைகுறையா ஒட்டுனது ஒண்ணு. ஒவ்வொண்ணும் அந்தப் பொடியில ஒவ்வொரு மாதிரி ஒட்டி ஒட்டி நகரும். அதனால ஒண்ணு முன்னாடி வரும், ஒண்ணு பின்னாடி வரும். வர வர மெஷின் மலை மாதிரி கோடு போடும்."

பையிலிருந்து இரண்டு தாளையும் எடுத்தேன். எழுத்தை நான் கூட்டித்தான் படிப்பேன், இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. ஆனால் கோடு கண்ணுக்குத் தெரியாதா? கிறிஸ்துமஸ் தாளில் மலைகள் ஒல்லியாக, நெட்டையாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நல்ல பள்ளத்தோடு நின்றன. புதுத் தாளில் எல்லாம் குட்டையாகப் படுத்து, ஒன்றின் காலில் ஒன்று ஏறி நின்றன.

"இது ஏன் இப்படி உக்காந்துபோச்சு?"

"குழாய் நல்லா இருந்தா ஒரே தினுசெல்லாம் ஒண்ணா, கொத்தா வெளிய வந்துடும். பழசாகிப் பொடி இறங்கிட்டா உள்ள சந்து விழுந்துடும், அழுக்கு அடைச்சுக்கும். ஒரே தினுசுலயே கொஞ்சம் சந்துல புகுந்து முன்னாடி ஓடிடும், கொஞ்சம் மூலையில நின்னுட்டுப் பின்னாடி வரும். மலை அகண்டுடும். அடுத்த மலையோட சேந்துடும். மெஷினுக்கு அது தெரியாது. இங்கேருந்து இங்க வரைக்கும் சர்க்கரைன்னு அளந்துடும்."

அது சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் வாய்க்கால் கண்ணில் வந்து நின்றது.

எங்கள் நிலம் கடைமடை, வாய்க்கால் போய் முடிகிற இடம். வீட்டுக்காரர் இருந்த காலத்தில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். எங்களுக்கு முன்னால் மேல்வயல்காரர் முறை, அப்புறம் எங்களுடையது. தூர் வாரின வருஷம் எங்கள் முறைக்கு மடை திறந்தால், நுரையும் சருகும் முன்னால் தள்ளிக்கொண்டு தண்ணீர் தலை நிமிர்ந்து வரும். இதோ வந்தது என்று கையைக் காட்டிச் சொல்லலாம். மடையை அடைத்தால் நின்றது என்றும் சொல்லலாம். காட்டாமணக்கும் வெங்காயத்தாமரையும் மண்டின வருஷம் அப்படி இல்லை. திறந்த தண்ணீர் பாதி செடியில் சுற்றி நிற்கும், பாதி நண்டு வளையில் இறங்கும், மீதி எப்போது வந்தது என்றே தெரியாமல் கசிந்து வரும். மேல்வயல்காரர் முறை முடிந்தும் அவர் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். எது அவருடையது, எது எங்களுடையது? கரையில் நின்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டை போடுவார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வாய்க்கால்தான் அப்படி.

"அப்ப மேவயக்காரன் தண்ணிய என் முறையில சேத்து அளந்துட்டீங்க" என்றேன்.

அது ஒரு நிமிஷம் முழித்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "அதேதாம்மா. எங்க அப்பாவும் கடைமடைதான்."

"அவசரப்படாம மெதுவா விட்டிருந்தா பிரிஞ்சு வந்திருக்கும்ல?"

"அப்படித்தான் தோணும். ரொம்ப மெதுவா விட்டா உள்ளயே பரவிப்போயிடும்மா. வேகமா விட்டா ஒட்டிப் பிரியவே நேரம் இருக்காது. நடுவுல ஒரு வேகம் இருக்கு, அதத் தவற விடக் கூடாது."

மடையும் அதே கதைதான். வேலையைப் பார்க்கட்டும் என்று கையை நீட்டினேன். ரத்தம் எடுத்துக்கொண்டது.

காத்திருந்தேன். புதுக் குழாயும் அதையே சொன்னால்? இனிமேல் யாரைக் கேட்க? பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டினேன். பாதியில் எந்த மணியில் இருக்கிறேன் என்பது தப்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அந்தப் பெண் தாளோடு வந்தது. முகத்தைப் பார்க்காமல் தாளைத்தான் பார்த்தேன். மலைகள் ஒல்லியாக, நெட்டையாக, தனித்தனியாக நின்றன.

"நல்லா எறங்கியிருக்கும்மா. கிறிஸ்துமஸுக்கு இருந்ததுக்கு இப்ப ரொம்ப நல்லா இருக்கு. டாக்டருக்கு நானே சொல்லிடுறேன், ஊசி வேணாம்னு அவரே சொல்லுவாரு. உங்களுக்குத்தான் வீண் மனக்கஷ்டம். மன்னிச்சுக்குங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பெஞ்சிலேயே காலை நீட்டிக்கொண்டேன். பிறகுதான் கேட்டேன்:

"அந்தக் குழாயில என்னை மாதிரி வேற யாரு ரத்தமாவது போச்சா?"

"போச்சும்மா, கொஞ்ச பேரு. இப்பத்தான் ஒவ்வொருத்தராக் கூப்புடணும்."

"மொதல்ல அதச் செய்யி. எத்தன வீட்டுல எத்தன பேரு பேச்சு வாங்கிட்டுக் கெடக்கோ."

வீட்டுக்கு வந்தபோது மருமகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டிருந்தாள். "சொல்லாம எங்க போனீங்க அத்தை?" என்று ஆரம்பித்தாள். மூன்று தாளையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு நான் போய்ப் படுத்துக்கொண்டேன். நடந்ததை அந்தப் பெண்ணே புதுத் தாளின் ஓரத்தில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. படிக்கட்டும்.

அவள் உள்ளே வந்து நிற்பது தெரிந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன்.

"அத்தை."

"ம்."

"நான் பேசுனது தப்பு. மன்னிச்சிடுங்க."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? ஈஸ்டருக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனம் பண்ணுவல்ல, அங்க சொல்லிடு."

திரும்பிப் பார்த்தால், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத முகத்தோடு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலை முடிந்து வந்த மகன், "என்ன, ரெண்டு பேரும் சேந்துட்டீங்களா? இனிமே எனக்குத்தான் ஆபத்து" என்றான்.

ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்து வந்ததும் அவளே ஒரு தட்டில் ஒரே ஒரு அதிரசம் வைத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் பார்க்க நடுவீட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவசரப்படாமல் தின்றேன். பாதியில் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"போதுமா அத்தை?"

"போதும். மிச்சத்த நீ சாப்பிடு. ஒனக்கும் அடுத்த மாசம் சர்க்கரை பாக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல, பயப்படாத. இப்பப் புதுக் குழாய்தான்."